தெர்மோஸ்டாட்டுக்கு எந்தச் சூடு தெரியும்?

பால் பைத்தான் வளர்க்க ஆரம்பித்து எட்டு மாதம் இருக்கும். ஒருநாள் அதன் வயிற்றுச் செதில்களில் பழுப்பாக ஒரு திட்டு. சூட்டுக்காயம்னு மருத்துவர் சொன்னார். கண்ணாடித் தொட்டியில் தெர்மோஸ்டாட் இருந்தது. 32 டிகிரியில் வைத்திருந்தேன். அது ஒழுங்கா வேலையும் செஞ்சுக்கிட்டிருந்தது. அப்புறம் எப்படி?

தெர்மோஸ்டாட்டுக்குத் தொட்டியின் சூடு தெரியாது. அதன் சென்சார் முனை இருக்கும் அந்த ஒரு புள்ளியின் சூடுதான் தெரியும். உள்ளே வைத்திருந்த முனையைப் பாம்பு ஊர்ந்து தள்ளியதில், அது குளிர்ந்த மூலைக்குப் போயிருந்தது. அங்கே 25 டிகிரி. 'இன்னும் சூடாகலையே' என்று ஹீட் மேட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மேட்டுக்கு மேலே தரையை அளந்தால் 47!

பாம்பு ஏன் விலகவில்லை? பாம்புகள் அடிச்சூட்டில் காயம் படும்வரை அப்படியே கிடப்பது உண்டு. தானா நகர்ந்துடும்னு நம்பக் கூடாது.

இப்போது நான் செய்வது இதுதான். மேட் தொட்டிக்கு வெளியே, அடியில், தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். மிச்ச இடம் பாம்பு ஒதுங்க. சென்சார் முனை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், அசையாமல். பாம்பாலும் தள்ள முடியாது, தண்ணீரும் கொட்டாது. நனைந்த முனை சூட்டைக் குறைத்துக் காட்டும். உள்ளே டேப் ஒட்டவே கூடாது, செதிலில் பிடித்துக்கொண்டால் தோலோடு வரும்.

பிறகு தனி வெப்பமானியால் உள்தரையை அளக்கணும். தேங்காய் நார்த்தூளுக்கு மேலே இல்லை, அதை ஒதுக்கிவிட்டு வெறும் கண்ணாடியில். பாம்பு தோண்டிப் போய்ப் படுப்பது அங்கேதான். அந்த இடம் 32 காட்டும்வரை தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் போதும்.

மேட்டுக்கு ஆன்-ஆஃப் வகை தாராளம். பல்புக்கு அது சரிவராது, அணைந்து அணைந்து எரியும். அதற்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகை. வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டருக்கு பல்ஸ் வகை.

இன்னொன்று: உள்ளே இருக்கும் ரிலே 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் தெர்மோஸ்டாட் இருந்தும் பயனில்லை. அதனால் மூன்று டிகிரி கூடுதலாக வைத்த இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை அதே வரிசையில் மாட்டியிருக்கிறேன். ஒன்று கைவிட்டாலும் மற்றது மின்சாரத்தை நிறுத்தும்.

நாலு முறை தோல் உரித்தாச்சு. தழும்பு இன்னும் லேசாகத் தெரிகிறது. வாராவாரம் தரையை அளக்க அதுவே எனக்கு ஞாபகக்குறிப்பு.