பதிப்பிக்கப்பட்ட சாகசங்களைச் சொந்தத் தொடராட்டத்தில் பயன்படுத்தல்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில், பதிப்பிக்கப்பட்ட சாகசம் என்பது ஆட்டத்தை நடத்துபவரின் பயன்பாட்டுக்காக முன்கூட்டியே எழுதி அச்சிடப்படும் ஆயத்தக் கதைச்சூழல் ஆகும். நிலவரைபடங்கள், அறைகளின் விவரிப்புகள், எதிரிகள், புதையல்கள், கதைமாந்தர் ஆகியன இதில் அடங்கும். இது மொட்யூல் எனவும் அழைக்கப்படுகிறது. இத்தகைய சாகசத்தை, ஒருவர் தம் நண்பர்களுக்காகத் தாமே உருவாக்கிய கற்பனை உலகில் பொருத்தி ஆடுவது நெடுநாளைய வழக்கமாகும்.

இவ்விளையாட்டில் ஒருவர் ஆட்ட நடத்துநராக இருப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். தம் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை ஆட்டக்காரர் கூற, அதன் விளைவை நடத்துநர் விதிகளையும் பகடையையும் கொண்டு தீர்மானிப்பார். அதே பாத்திரங்களைக் கொண்டு பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் ஆடப்படுவது இங்கு தொடராட்டம் எனக் குறிக்கப்படுகிறது.

வரலாறு

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் 1974 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியானது. அதன் முதற் பதிப்பில் ஆயத்தச் சாகசம் எதுவும் இருக்கவில்லை. உலகைக் கற்பனை செய்வது நடத்துநரின் வேலை, அதைப் பிறர் செய்து தர வேண்டியதில்லை என்ற எண்ணம் அந்நூலின் முடிவுரையில் தென்படுகிறது. எனினும் அடுத்த ஆண்டே வெளியான பிளாக்மூர் என்னும் துணைநூலில், ஆர்னெசன் தம் சொந்தத் தொடராட்டத்திலிருந்து எடுத்த தவளைக் கோயில் என்ற சாகசம் இடம்பெற்றது. அச்சில் வந்த முதற் சாகசமாக இது பொதுவாகக் கருதப்படுகிறது. ஒரு வீட்டு மேசையில் பிறந்தது இன்னொரு வீட்டு மேசைக்குச் சென்றது என்பது கவனிக்கத்தக்கது.

1978 முதல் டி.எஸ்.ஆர். நிறுவனம் சாகசங்களைத் தனி நூல்களாக வெளியிட்டது. அவற்றுட் பல, மாநாடுகளில் நடந்த போட்டிகளுக்காக எழுதப்பட்டவை. கைகாக்ஸ் எழுதிய டூம் ஆஃப் ஹாரர்ஸ் 1975 இல் ஒரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டியில் ஆடப்பட்டு 1978 இல் அச்சானது. இக்கல்லறையின் பொறிகளிற் சில, ஒரு தவறான அடிக்கே பாத்திரத்தைக் கொன்றுவிடும். போட்டியில் இறக்கும் பாத்திரம் அன்று காலையில் கையில் தரப்பட்டது. ஆட்டக்காரர் ஒரு பிற்பகலை மட்டுமே இழக்கிறார். தொடராட்டத்தில் இறப்பதோ அவர் இரண்டு ஆண்டுகள் வளர்த்த பாத்திரமாக இருக்கலாம். அச்சில் எழுத்து மாறவில்லை எனினும் அதன் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. எனவே ஒரு சாகசம் எதற்காக எழுதப்பட்டது என்பதை அறிவதே நடத்துநரின் முதல் வேலை எனலாம்.

வெற்றிடங்களின் பயன்

சொந்த உலகில் எளிதாகப் பொருந்தும் சாகசங்கள் பெரும்பாலும் முழுமையாக எழுதப்படாதவை. மைக் கார் எழுதிய இன் சர்ச் ஆஃப் தி அன்னோன் என்ற தொடக்கநிலைச் சாகசத்தில் அறைகள் விவரிக்கப்பட்டிருந்தாலும், எந்த எதிரி எங்கே, எந்தப் புதையல் எங்கே என்பன வெற்றிடமாகவே விடப்பட்டிருந்தன. நூலின் பட்டியல்களிலிருந்து நடத்துநர் அவற்றை நிரப்ப வேண்டும். இதற்குப் பின் வந்த, கைகாக்ஸ் எழுதிய தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ் சாகசத்தில், எல்லைக் கோட்டையில் வாழ்வோருக்குப் பெயர்களே இல்லை. கோட்டைத் தலைவர், கொல்லர் என்றவாறு தொழிலால் மட்டுமே சுட்டப்படுகின்றனர். முதன்முறை ஆடுபவருக்கு இது குறைபாடாகத் தோன்றலாம். சொந்த உலகம் வைத்திருப்பவருக்கோ இது பெரும் வசதி. ஏனெனில், தம் உலகில் ஏற்கெனவே உள்ள ஒருவரைக் கோட்டைத் தலைவராக அமர்த்திவிடலாம்.

டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இணையர் எழுதி 1983 இல் வெளியான ரேவன்லாஃப்ட் வேறொரு வழியைக் காட்டுகிறது. இரத்தக்காட்டேரியான ஸ்ட்ராட் பிரபுவின் கோட்டையில் நிகழும் இச்சாகசத்தில் கதைமாந்தர் மிக விரிவாகவே வரையப்பட்டுள்ளனர். ஆனால் அந்நிலப்பகுதி மூடுபனியால் சூழப்பட்டு வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டுள்ளது. ஆகவே எந்த உலகின் எந்தக் காட்டுக்கு அப்பாலும் அதை வைக்க முடியும். மேலும் ஸ்ட்ராடின் நோக்கம் என்ன, முக்கியப் பொருட்கள் எங்கே மறைந்துள்ளன என்பவற்றைச் சீட்டுக்குறி தீர்மானிப்பதால் ஒரு மேசையின் கதை மற்றொன்றினது போல் இருப்பதில்லை.

இதற்கு நேர்மாறானவை 1984 முதல் வெளியான டிராகன்லான்ஸ் சாகசங்கள். இவை ஒரே பெருங்கதையின் பகுதிகளாதலால், அக்கதைக்குத் தேவையான மாந்தர் இடையில் இறந்துவிடக் கூடாது. அத்தகையோர் இறக்க நேர்ந்தால், உடல் கிடைக்காதவாறு மறைவாக இறக்கச் செய்யுமாறு நடத்துநருக்கு அறிவுரை தரப்பட்டது. பின்னர் அவர்கள் மீண்டு வரலாம். இது சுவையான கதையைத் தந்தாலும், ஆட்டக்காரரின் முடிவுகளுக்கு இருக்கும் எடையைக் குறைக்கிறது. இவற்றைச் சொந்த உலகில் முழுமையாகப் பொருத்துவது கடினம். ஒரு கோட்டையையோ ஒரு பயணத்தையோ மட்டும் பிரித்தெடுப்பதே பலன் தரும்.

பொருத்தும் முறை

பெயர்களையும் தெய்வங்களையும் மாற்றுவது எளிது. கடினமானது, முன்பு நடந்தவற்றோடு சாகசத்தை இசைவிப்பதாகும். தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸில் வரும் குகைகளில் கோப்ளின், ஓர்க் முதலிய பல இனக்குழுக்கள் எதிரிகளாக வாழ்கின்றன. குறிப்பிட்ட ஒரு குழு, தன் தொடராட்டத்தில் கோப்ளின்களுடன் பெரும்பாடுபட்டு உடன்பாடு செய்திருப்பதாகக் கொள்வோம். நூலில் உள்ளவாறே ஆடினால் அந்த உடன்பாடு நடக்காதது போலாகிவிடும். அடுத்த முறை பேச்சுவார்த்தை நடத்த எவரும் முனையமாட்டார். அறிந்த நடத்துநர் குகைகளின் வரைபடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கோப்ளின்களை உதவி கேட்பவர்களாகவும், அதே குகைகளில் உள்ள தீயோர் கோயிலை அவர்களை ஒடுக்குவதாகவும் மாற்றுவார். வரைபடம், அறைகளின் அமைப்பு, பொறிகள் ஆகியவையே உருவாக்க அதிக நேரம் பிடிப்பவை. அவை கைக்குக் கிடைத்தபின், யார் எதற்காக அங்கே இருக்கிறார்கள் என்பதை மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும்.

பழைய சாகசங்களைப் பிற்காலப் பதிப்பின் விதிகளில் ஆடும்போது புதையலையும் கவனிக்க வேண்டும். தொடக்ககாலப் பதிப்புகளில் பாத்திரத்தின் அனுபவப் புள்ளிகளிற் பெரும்பகுதி மீட்டு வந்த பொன்னின் மதிப்பிலிருந்தே கிடைத்தது. ஆதலால் அக்காலச் சாகசங்களில் பொன் மிகுதியாக இருக்கும். 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பின் விதிகளில் புள்ளிகள் பொன்னுக்காக வழங்கப்படவில்லை. எண்களை மாற்றாமல் ஆடினால் பாத்திரங்கள் வளராமலேயே பெருஞ்செல்வராகிவிடுவர். நடத்துநர் கவனமாக அமைத்த சிற்றூர்ச் சந்தையின் விலைகள் பொருளற்றுப் போகும்.

புகழ்பெற்ற சாகசங்களை ஆட்டக்காரரில் ஒருவர் முன்பே படித்திருப்பதும் உண்டு. அதற்காக நூலையே கைவிட வேண்டியதில்லை. அவர் அறிந்ததை அவருடைய பாத்திரம் கேள்விப்பட்ட பழைய வதந்தியாக்கி, அதில் ஒரு பாதியைப் பொய்யாக்கிவிடுவது எளிய தீர்வு. டூம் ஆஃப் ஹாரர்ஸ் உட்பட ஏழு பழைய சாகசங்கள் டேல்ஸ் ஃப்ரம் தி யானிங் போர்ட்டல் என்ற தொகுப்பாக 2017 இல் மீண்டும் வெளியாயின. சாகசங்களைப் பல்வேறு கற்பனை உலகங்களில் எங்கே வைக்கலாம் என்ற குறிப்பும் அத்தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளது.