பிரீமேசன் சங்கத்தில் கிறிஸ்தவர் சேரலாமா?

லாட்ஜ் என்றதும் தங்கும் விடுதிதான் பலருக்கும் நினைவு வரும். பிரீமேசன்களின் "லாட்ஜ்" வேறு. அது அவர்களுடைய கிளைச் சங்கம்.

மும்பைக் கோட்டைப் பகுதியிலும், கல்கத்தா பார்க் தெருவிலும், டெல்லி ஜன்பத்திலும் இவர்களுக்கு மண்டபங்கள் உண்டு. மூலைமட்டமும் கவராயமும் சேர்ந்ததே இவர்களின் சின்னம். கதவைச் சாத்திக்கொண்டு சடங்கு நடத்தியதால், வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் வடநாட்டு மக்கள் இந்த மண்டபத்தை "ஜாதூ கர்" என்றார்கள். மந்திர வீடு என்று பொருள்.

மந்திரம் எதுவும் அங்கே இல்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. மேலதிகாரியோ நண்பரோ இந்தச் சங்கத்துக்கு அழைத்தால், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகும் கிறிஸ்தவர் சேரலாமா?

பாதிரியார் எழுதிய சட்டம்

1717-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி லண்டனில் நான்கு லாட்ஜுகள் ஒன்றுகூடித் தலைமைச் சங்கத்தை அமைத்தன. 1723-ல் அதன் சட்ட நூலைத் தொகுத்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார். 1953-ல் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டிய கான்டர்பரி பேராயர் ஜெப்ரி பிஷரும் பிரீமேசனே.

இந்தியாவுக்கெனத் தனித் தலைமைச் சங்கம் 1961 நவம்பர் 24-ல் ஏற்பட்டது.

சேருவோருக்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும். எந்த மதமாயினும் சரி. கடவுளைப் "பிரபஞ்சத்தின் மாபெரும் சிற்பி" என்று பொதுப் பெயரால் அழைப்பார்கள். இந்திய லாட்ஜுகளில் பைபிள், கீதை, குரான் முதலிய நூல்களை ஒன்றாக வைப்பது உண்டு. லாட்ஜுக்குள் மதச் சர்ச்சையும் அரசியல் பேச்சும் கூடாது.

ரோமாபுரியின் தடை

கத்தோலிக்கருக்கு விடை தெளிவானது. 1738-ல் போப் 12-ம் கிளமென்ட் தடை விதித்தார். 1884-ல் 13-ம் லியோ அதை மீண்டும் வலியுறுத்தினார்.

1983-ல் வெளியான புதிய திருச்சபைச் சட்டத்தில் பிரீமேசன் என்ற பெயர் இல்லை. தடை நீங்கிவிட்டது என்று சிலர் எண்ணினர். அதே ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, பின்னாளில் போப் 16-ம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் விளக்கம் வெளியிட்டார். சேருவோர் கனமான பாவத்தில் இருக்கிறார்கள், நற்கருணை வாங்கக்கூடாது, உள்ளூர்த் திருச்சபை அதிகாரிகள் இதைத் தளர்த்த முடியாது என்றார்.

2023 நவம்பரில் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டதற்கும் ரோமாபுரி இதே பதிலையே அளித்தது.

மற்ற சபைகள்

பிராட்டஸ்டண்டு சபைகளில் ஒரே குரல் இல்லை. 1985-ல் பிரிட்டிஷ் மெதடிஸ்டு மாநாடு தன் மக்கள் சேர வேண்டாம் என்று அறிவுரை கூறியது. 1987-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை, இரண்டும் பொருந்துமா என ஐயம் எழுப்பிய அறிக்கையை 394-க்கு 52 என்ற வாக்கில் ஏற்றது. ஆனால் தடை விதிக்கவில்லை. அமெரிக்கத் தென்பகுதி பாப்டிஸ்டுகள் 1993-ல் அவரவர் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டார்கள்.

முடிச்சு எங்கே?

"எங்கள் சங்கம் மதமல்ல; மோட்சம் தருவதாக நாங்கள் சொல்வதில்லை; ஒழுக்கமும் தருமமுமே எங்கள் வேலை" என்பது பிரீமேசன்களின் பதில். அவர்கள் செய்யும் தருமத்தை யாரும் மறுக்கவில்லை.

எதிர்ப்போர் கேட்பது வேறு. கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாமல் செய்யும் ஜெபம் கிறிஸ்தவனுக்கு ஜெபமாகுமா? நல்லொழுக்கமே போதும் என்ற எண்ணம் வளர்ந்தால், மீட்பர் எதற்கு? மூன்றாம் படிச் சடங்கில் சாலமோன் ஆலயச் சிற்பி ஈராம் கொலையுண்ட கதை நடிக்கப்படுகிறது. ஈராம் என்ற வெண்கலத் தொழிலாளி பைபிளில் உண்டு. கொலைக் கதை அதில் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரமாணம். ரகசியத்தை வெளியிட்டால் கழுத்தறுபடும் என்பது போன்ற பயங்கர வாசகங்களை இங்கிலாந்துத் தலைமைச் சங்கம் 1986-ல் பிரமாணத்திலிருந்து நீக்கியது. ஆயினும் ஆதாரக் கேள்வி போகவில்லை. வேத புத்தகத்தின் மேல் கை வைத்து ரகசியம் காப்பதாக முதலில் வாக்குக் கொடுக்கிறான். அந்த ரகசியம் இன்னதென்று பிறகே அறிகிறான். சத்தியமே பண்ணாதே, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிரு என்பது மலைப்பிரசங்கத்தின் போதனை.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும். கடனுக்கு ஜாமீன் நிற்பவன்கூடப் பத்திரத்தைப் படித்துப் பார்க்கிறான். கடவுள் சாட்சியாகக் கொடுக்கும் வாக்குக்கு அந்த எச்சரிக்கை வேண்டாமா?

கத்தோலிக்கர் சேர்ந்தால் இழப்பது நற்கருணை. மற்றவர்கள் தங்கள் சபைப் போதகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அப்படிக் கேட்க வேண்டிய நேரம் பிரமாணத்துக்கு முன்பு, பின்பு அல்ல.