வினாநிரலும் வாய்மையும்

காய்ச்சலின் அளவை வெப்பமானி காட்டுகிறது. நோயாளியின் விருப்பத்திற்கேற்ப அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆளுமையை அளக்கும் வினாநிரலின் நிலை வேறு. அங்கே அளக்கப்படுபவரே தம்மைப் பற்றிய செய்திகளைத் தருகிறார். வேலை நாடுபவர் தம்மை உயர்த்திக் காட்டக்கூடும். தண்டனைக்கு அஞ்சுபவர் இல்லாத மனநோயை இருப்பதாகக் காட்டக்கூடும். வினாக்களைப் படிக்காமலே விடை குறிப்பவரும் உண்டு.

இச்சிக்கலை எதிர்கொண்ட கருவிகளுள் குறிப்பிடத்தக்கது மினசோட்டா பன்முக ஆளுமை வினாநிரல். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஸ்டார்க் ஹாத்தவேயும் மருத்துவர் ஜே. சி. மெக்கின்லியும் உருவாக்கிய இது, 1943ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. 1989ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பில் 567 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ அல்லது ‘தவறு’ என விடையளிக்க வேண்டும்.

இக்கூற்றுகளுக்கிடையே, விடைகளின் நம்பகத்தன்மையை அறிய உதவும் சில தொகுதிகளும் விரவியுள்ளன. பொய்யைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தால் ‘எல்’ எனப்படும் அளவுகோல் 15 கூற்றுகளைக் கொண்டது. இவை பெரும்பாலோரிடம் காணப்படும் சிறு குறைகளைப் பற்றியவை. ஒருநாளும் சினம் கொண்டதில்லை, யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை என்று எல்லாக் குறைகளையும் மறுப்பவர், தம்மை மிகையாக உயர்த்திக் காட்டுகிறாரோ என்ற ஐயம் எழுகிறது.

‘எஃப்’ அளவுகோல் இதற்கு மாறானது. மிக அரிதாகவே பிறர் ஏற்கும் அனுபவங்களை இது முன்வைக்கிறது. அவற்றுள் பலவற்றை ஒருவர் தமக்கு உண்டு என ஏற்பின், நோயை மிகைப்படுத்துகிறாரோ என்று ஆராய வேண்டியுள்ளது. மேலும், ஒத்த பொருளும் எதிர்ப்பொருளும் உடைய கூற்றுகள் இணைகளாக வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் விடைகள் அடிக்கடி முரண்படின், கவனமின்றிக் குறித்தமை புலப்படும்.

எனினும், இம்மதிப்பெண்கள் ஐயத்தை எழுப்புமேயன்றிப் பொய்யை மெய்ப்பிப்பதில்லை. கடும் ஒழுக்க நெறியில் வளர்ந்தவர் ‘எல்’ அளவுகோலில் உயர் மதிப்பெண் பெறலாம். தாங்கொணா மனத்துயரில் உழல்பவர் ‘எஃப்’ அளவுகோலில் உயர் மதிப்பெண் பெறலாம். அத்தகையவரை நடிப்பவர் என்று ஒதுக்கினால், அவருக்கு உரிய சிகிச்சை கிடைக்காமல் போகும். ஆகவே, தேர்ந்த உளவியலாளர் எண்களோடு நின்றுவிடுவதில்லை. நேர்காணல், கடந்தகால வரலாறு, நேரடி உற்றுநோக்கல் ஆகியவற்றோடு ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வருகிறார். விடையை ஐயுறுவது அறிவியலின் கடமை. விடையளித்தவரை மதிப்பது அதனினும் முதன்மையான கடமை.