ஹூண்டாய் ஏன் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்துச்சு? சங்ககிரிக்கு ஏன் வரல?



சங்ககிரி, நாமக்கல் பக்கம் வெறும் சேசிஸ் வந்து நின்னா போதும். பாடி கட்டி, பெயின்ட் அடிச்சு ரோட்டுக்கு அனுப்ப நம்ம பட்டறைகளுக்குத் தெரியும். அப்படி இருந்தும், பிளேஸ்மென்ட் முடிஞ்சதும் நம்ம சீனியர்கள் பலர் பெட்டி கட்டுறது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்தான். ஏன்? ஒரு கார் கம்பெனி வெளிநாட்டில் இடம் தேடும்போது எதைப் பார்க்கிறது என்று தெரிந்தால் பதில் கிடைத்துவிடும். ஹூண்டாயையே எடுத்துக்குவோம்.

முதல் கேள்வி: கார் விக்குமா?

ஹூண்டாய் 1989-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், புரோமான்ட் என்ற ஊரில் சொனாட்டா கார் ஆலையைத் திறந்தது. அரசு உதவி இருந்தது, பக்கத்திலேயே அமெரிக்கா. ஆனால் கார் நினைத்த அளவுக்கு விற்கவில்லை. 1993-ல் ஆலையை மூடிவிட்டார்கள். கார் ஆலையில் லைன் நிற்காமல் ஓட வேண்டும். பாதி நேரம் சும்மா கிடந்தால் கட்டடம், பிரஸ், பெயின்ட் ஷாப் செலவெல்லாம் மீதிக் கார்கள் தலையில் விழும்.

அடுத்துப் பார்த்தது இந்தியாவை. 1993-ல் கார் தயாரிக்க லைசென்ஸ் வாங்கும் முறை நீக்கப்பட்டது. முழுக் காராக இறக்குமதி செய்தால் வரி அதிகம். விற்கணும்னா இங்கேயே செய்யணும். 1996 மே மாதம் ஹூண்டாய் மோட்டார் இந்தியா தொடங்கியது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வந்தது.

இரண்டாவது கேள்வி: நாட்டுக்குள்ள எந்த ஊர்?

பாகங்கள்: ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான பாகங்கள் வேண்டும். பாடி, எஞ்சின் போன்றவை போக மீதியில் பெரும்பகுதி வெளியே வாங்குவதுதான். சென்னையில் அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் 1950-கள் முதலே இருந்தன. 1960-களில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் வந்தன. எலக்ட்ரிக்கல், பிரேக், போல்ட் எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

துறைமுகம்: கொரியாவிலிருந்து இயந்திரம் வரணும், பிறகு கார் வெளியே போகணும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 40 கி.மீ. சங்ககிரியிலிருந்து 350 கி.மீ.க்கு மேல்.

நிலமும் அரசும்: சிப்காட் மூலம் 500 ஏக்கருக்கு மேல் ஒரே இடத்தில் கிடைத்தது. 1996 மே மாதம் ஆட்சி மாறியும் வேலை நிற்கவில்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

எடை கொடுத்து மதிப்பிடும் முறையைப் பாடத்தில் படிச்சிருப்பீங்க. இந்த எண்கள் புரிவதற்காக நானே போட்டவை. எடை: பாகங்கள் 40, துறைமுகம் 30, நிலம் 20, கூலி 10. பத்துக்கு மதிப்பெண் இதே வரிசையில்: சங்ககிரிக்கு 5, 2, 5, 9. இருங்காட்டுக்கோட்டைக்கு 9, 9, 8, 6. பெருக்கிக் கூட்டினால் சங்ககிரி 450, இருங்காட்டுக்கோட்டை 850. கூலி குறைவு என்பது மட்டும் ஒரு ஊரைக் காப்பாத்தாது!

இதே கணக்கை லாரி பாடிக்குப் போடுங்க. துறைமுகத்துக்கு எடை ஏறக்குறைய பூஜ்யம். லாரி ஓனர், வெல்டர், பெயின்டர், ஸ்பேர் கடை எல்லாம் பக்கத்திலேயே இருப்பதுக்குத்தான் எடை. நம்ம ஊர் ஜெயிச்சிடும்.

எடை மாறவும் செய்யும். 2017-ல் கியா தேர்ந்தெடுத்தது கடற்கரையே இல்லாத, வறட்சிக்குப் பேர்போன அனந்தப்பூர் மாவட்டத்தின் பெனுகொண்டா பகுதியை. ஆந்திர அரசு நிலம் கொடுத்தது, சலுகை கொடுத்தது, தண்ணீரும் கொண்டுவந்தது. பெங்களூரும் பக்கம்தான். உள்நாட்டு ஊர்களுக்கும் வாய்ப்பு இருக்கு என்பதற்கு இது சாட்சி.

இடம் சரியா இருந்தா போதுமா?

போதாது. மறைமலை நகர் ஃபோர்டுக்கும் அதே துறைமுகம், அதே பாகக் கம்பெனிகள். ஆனாலும் 10 ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. சுமார் 4,000 ஊழியர்களுக்குப் பாதிப்பு. புரோமான்ட் கதைதான்: கார் விற்கவில்லை.

இப்படி ஒரு ஆலை மூடினால், அதை மட்டுமே நம்பிப் பாகம் செய்த கம்பெனிக்குப் பெரிய அடி. நாலு கார் கம்பெனிக்குக் கொடுப்பவர் ஓரளவு தாங்குவார். அதனால் ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்க்காதீங்க. இவங்க சரக்கை யார் யார் வாங்குறாங்க, ஒருத்தர் போனா மீதி எத்தனை பேர் என்று விசாரிச்சுட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்க!