கணவாய்க்கும் பசிக்கும்!

நயினார்கோவிலில் கடல் இல்லை; வயலும் கண்மாயும்தான். ஆனாலும் ராமநாதபுரம் கரையில் இறங்கும் கணவாய்க்கு அங்கும் அடுப்பு காத்திருக்கிறது.

ஊசிக் கணவாயைச் சுத்தம் செய்யும்போது தலையைப் பிடித்து இழுத்தால், குடலும் மைப்பையும் சேர்ந்தே வரும். கணவாயின் கைகளுக்கு நடுவே அழுத்தினால், கறுப்பாக ஒன்று பிதுங்கும். தூக்கி எறியாமல் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: அச்சு அசல் கிளிமூக்கு!

கணவாய்க்குக் கைகள் எட்டு. அவை போக, நீளமாக இன்னும் இரண்டு. இரை நெருங்கியதும் அந்த இரண்டும் கண் இமைப்பதற்குள் பாய்ந்து கவ்வும். நுனியிலுள்ள உறிஞ்சிகளில் பல் வைத்த வளையங்கள் இருப்பதால் வழுக்கும் மீனும் நழுவாது. மற்ற எட்டும் அதை இறுக்கிக்கொள்ள, அந்தக் கிளிமூக்கு அலகு கடித்துக் கிழிக்கும். அரம் போன்ற நாக்கு உள்ளே தள்ளும்.

ஆனால் பெரிய துண்டாக விழுங்க முடியாது. காரணம் விசித்திரமானது. கணவாயின் மூளை உளுந்து வடை மாதிரி. அந்த வடையின் ஓட்டை வழியாகத்தான் உணவுக்குழாய் போகிறது! அதனால் எதையும் பொடியாக நறுக்கியே தின்றாக வேண்டும்.

குஞ்சாக இருக்கையில் கூனி போன்ற நுண்ணிய உயிர்கள். வளர்ந்தபின் சிறு இறால், நெத்திலி, சாளை. எதுவும் சிக்காவிட்டால் தன் இனத்துச் சின்னதையே தின்றுவிடும். பெரும்பாலான கணவாய்களுக்கு ஆயுள் ஓராண்டை ஒட்டித்தான். அதற்குள் வளர்ந்து முட்டையிட வேண்டுமே, அந்த அவசரம்!

இந்தப் பசிதான் மீனவருக்குத் துருப்புச்சீட்டு. இறால் உருவத்தில் செய்த பொம்மைத் தூண்டிலை நீரில் ஆட்டினால் போதும், இரையே தேவையில்லை. இரவில் விளக்கு வெளிச்சத்துக்குச் சிறுமீன் கூடும், அதைத் தேடிக் கணவாயும் வரும்.

அந்தச் சிறுமீனுக்கு என்ன ஆகிறது? இழுவை மடியில் அகப்படும் காரல், பொடி இறால், மீன்குஞ்சு எல்லாம் ராமேஸ்வரம் கரையில் 'சங்காயம்' என்ற ஒரே பெயரில் குவிகின்றன. அடிமாட்டு விலைக்குப் போய், மீன் மாவாகி, கோழித் தீவனத்தில் கலக்கின்றன. கணவாயை நல்ல விலைக்கு விற்கும் அதே கரையில், கணவாயின் சோறு குப்பையாகக் கிடக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மிச்சமுள்ள 304 நாளும் சிறுமீனையும் அள்ளும் சிறுகண் மடியைத் தவிர்த்தால்தான் கணவாய்க்குச் சாப்பாடு. நயினார்கோவில் சட்டிக்கும் கணவாய்.