பெட்டி சீறும்போது

தேன் பெட்டியை விரல் முட்டியால் தட்டினால் உள்ளிருந்து ஒரு சீறல் கிளம்பும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒரே நேரத்தில் உடலைக் குலுக்கி எழுப்பும் ஒலி அது. நம் அடுக்குத் தேனீ விடும் எச்சரிக்கை. அதைக் கேட்டுக் கையை எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருப்பவருக்கே இந்தத் தொழில் கைவரும் என்று நம்புகிறேன்.

நேற்றுச் சாதுவாக இருந்த கூட்டம் இன்று பாய்ந்து கொட்டும். அதற்குக் காரணம் உண்டு. வானம் மூடியிருந்தால் மேய்ச்சலுக்குப் போகும் மூத்த தேனீக்களும் வீட்டிலேயே அடைந்து கிடக்கும். கொட்டுவதில் முந்துபவை அவைதான். குமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் தளிர்த்து, இலைக்காம்பில் தேன் சுரக்கும் மாதங்களில் பெட்டியைத் திறப்பது எளிது. மழைக்காலப் பஞ்சத்தில் அதே கூட்டம் காவலை இறுக்கிவிடும். ராணியை இழந்த கூட்டமும் சிடுசிடுக்கும்.

சோதனையெல்லாம் முதல் கொட்டு விழும் கணத்தில்தான். கொடுக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பதால், அது தோலில் மாட்டி நஞ்சுப்பையோடு பிய்ந்துவிடும். பிய்ந்த பிறகும் பை துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். உடனே நகத்தால் வழித்தெறிய வேண்டும். அப்போது வாழைப்பழ வாசனை வரும். ஐசோபென்டைல் அசிடேட் என்ற அந்தப் பொருள் வாழைப்பழத்திலும் உண்டு. மற்றத் தேனீக்களுக்கோ அது 'இங்கே கொட்டு' என்ற அழைப்பு. பதறிக் கையை உதறினால், நசுங்கும் ஒவ்வொரு தேனீயும் அந்த அழைப்பை வலுவாக்கும். கொட்டிய இடத்தில் கொஞ்சம் புகை காட்டினால் வாசனை மறையும்.

தேங்காய் நாரைப் புகைய விட்டு வாசலில் இரண்டு ஊது ஊதினால் போதும். புகை பட்டதும் தேனீக்கள் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். கொட்டும் முனைப்பு தணியும். அளவு மீறினால் அடையை விட்டுச் சிதறி ஓடும்.

அடுக்குத் தேனீயிடம் முரட்டுத்தனம் காட்டினால் கொட்டோடு போகாது. அடிக்கடி தொந்தரவு செய்தால் கூட்டமே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். இந்தத் தேனீக்கென்றே சிறிய பெட்டியை நூறாண்டுகளுக்கு முன் திருச்சியில் வடிவமைத்தவர் நியூட்டன் பாதிரியார். அதன் சட்டங்களைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேர் மேலே, மெல்லத் தூக்க வேண்டும். இரண்டு அடைகளுக்கு நடுவே இருக்கும் தேனீக்கள் அரைபடக் கூடாது. வாசலை மறிக்காமல் பக்கத்தில் நின்றுகொண்டு, மூச்சுக் காற்று அடைமேல் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது நல்லது.

ராணியைத் தேடி எல்லாச் சட்டத்தையும் புரட்ட வேண்டியதில்லை. அன்று இட்ட முட்டை அறைக்குள் செங்குத்தாக நிற்கும். மூன்றாம் நாள் படுத்துவிடும். நிற்கும் முட்டை ஒன்று கண்ணில் பட்டால் ராணி நேற்றோ இன்றோ அங்கே இருந்திருக்கிறது. மூடியை வைத்துவிடலாம்.