ஏரி மீனில் திரளும் நச்சு

ஐதராபாத் நகரின் உசேன் சாகர் ஏரி, 1562-ஆம் ஆண்டில் மூசி ஆற்றின் துணையாறு ஒன்றின் குறுக்கே அமைக்கப்பட்டதாகும். ஒரு காலத்தில் குடிநீர் வழங்கிய இவ்வேரியில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூகட்பள்ளி ஓடை வழியாக வீட்டுச் சாக்கடையும் தொழிற்பேட்டைகளின் கழிவுநீரும் கலந்தன. இத்தகைய ஏரிகளில் மீன்கள் செத்து மிதந்தால் அது உடனே செய்தியாகிறது. சாகாமல் சந்தைக்கு வரும் மீனோ கவனத்திற்குத் தப்பிவிடுகிறது.

மீன் கூட்டமாக மடிவதற்குப் பெரும்பாலும் நீரில் ஆக்ஸிஜன் குறைவதே காரணம். நச்சுப் பொருள்கள் திரள்வது வேறு வகை. இது ஓசையின்றி, ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. நீரிலுள்ள காட்மியம், பாதரசம், பூச்சிக்கொல்லி ஆகியவை செவுள் வழியாகவும் இரை வழியாகவும் மீனின் உடலுள் செல்கின்றன. வெளியேறும் அளவைவிட உட்புகும் அளவு மிகுமாயின், எஞ்சியது உடலில் தங்குகிறது. டி.டி.டி. போன்றவை கொழுப்பிலும், காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேர்கின்றன. நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறும் பாதரசம் தசைப் புரதத்துடன் பிணைகிறது; சமைத்தாலும் அது நீங்குவதில்லை.

உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் இத்தகைய நச்சுகள் சிலவற்றின் செறிவு பெருகுகிறது. அமெரிக்காவின் கிளியர் ஏரியில் பூச்சிகளை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி.யின் (DDT) இனமான DDD என்னும் மருந்து தெளிக்கப்பட்டது. நீரில் அதன் அளவு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 0.02 பங்கு, மிதவை உயிரிகளில் 5 பங்கு, மீனுண்ணும் முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பிலோ 1,600 பங்கு. ஆகவே மிதவை உயிரிகளை உண்ணும் கட்லாவைவிட, சிறு மீன்களை வேட்டையாடும் விராலில் மெத்தில் பாதரசம் மிகுதியாகச் சேர வாய்ப்புண்டு.

நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டது. கழிவுநீரின் தரம் பெரும்பாலும் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்றே அளக்கப்படுகிறது. நீரைக் கூட்டினால் அந்த எண் குறையும். ஏரியில் சேரும் நச்சின் மொத்த எடை குறையாது. எனவே நீருடன் அடிவண்டலையும் மீன் தசையையும், இனவாரியாகவும் வயதுவாரியாகவும், ஆண்டுதோறும் சோதிப்பது இன்றியமையாததாகும். முடிவுகள் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் எட்ட வேண்டும்.

மீன்பிடிப்பைத் தடை செய்வது மட்டும் தீர்வாகாது. அதன் சுமை வலை வீசுவோர் மீதே விழும். நச்சு புறப்படும் ஆலை வாயிலிலேயே அதைத் தடுப்பதுதான் முறை. ஏழைகளுக்குக் கிடைக்கும் மலிவான புரதம் மீன். அது பாதுகாப்பானதாக இருத்தலும் வளர்ச்சியின் ஓர் அளவுகோலே.